துப்புகிற மிஷின்

முன்னறையில் ஐந்து பேர் இருந்தார்கள். கட்டிலின் தலைமாட்டில் தாய் அய்யம்மாள். கால்மாட்டில், இடது கன்னம் சுவர்ப்பக்கம் இருக்கும்படி மூத்தவள் பாண்டிச்செல்வி. வாசலை ஒட்டிய பிளாஸ்டிக் நாற்காலியில் கல்யாணத் தரகர் நல்லசிவம். தரையில், இரண்டு அட்டைப்பெட்டிகளுக்கு இந்தப்பக்கம் இளையவள் அழகுமீனா. அந்தப்பக்கம், சிவகாசியில் பியூட்டி பார்லர் சாமான் விற்கும் நவநீதகிருஷ்ணன்.

பெட்டிகளில் இருந்தவை முகத்துக்கு மேக்கப் அடிக்கிற ஏர்பிரஷ்கள். பேனா அளவு இருக்கும். பின்னால் ஒரு குழாய், குழாயின் முனையில் சின்ன மோட்டார். ஒன்று விலை கூடியது, மற்றது மலிவு.

நவநீதகிருஷ்ணன் விலை கூடியதை எடுத்துத் தன் புறங்கையில் அடித்துக் காட்டினார். பனி இறங்கினதுபோல் கலர் படிந்தது. கையிலிருந்த மச்சத்தைக் காணோம்.

"தழும்பு இருந்த எடமே தெரியாது. புதுசாப் பழகுறவுகளுக்கு இதான் தோது. கை நடுங்கினாலும் இது காப்பாத்திரும்."

"அந்த இன்னொண்ணு?" என்றாள் அழகுமீனா.

மலிவானதை அடித்தார். அது சீறியது, நின்றது, மறுபடி சீறியது. கையில் திட்டுத்திட்டாகக் கலரும், ஓரமெல்லாம் புள்ளி புள்ளியாகத் தெறிப்பும் விழுந்தன.

"பாத்தீகளா, துப்புது. கேக்குக்கு அடிக்கலாம், நகத்துக்கு அடிக்கலாம். மொகத்துக்கு ஆகாது."

அழகுமீனா அந்தத் திட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இதே போதும்ணே."

"ஏட்டி, அக்கா வாழ்க்கையிலயா சிக்கனம் பாக்குற?" என்று அய்யம்மாள் சீறினாள். "உன் சம்பளத்தையா கேட்டேன்? நல்லதா எடு."

அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. பட்டாசு ஆலையில் வெடிமருந்து தீப்பற்றி பாண்டிச்செல்வியின் கன்னம் வெந்தபிறகு இரண்டு சம்பந்தங்கள் வந்தன. இரண்டும் ஒரே மாதிரிதான் முறிந்தன. மூத்தவளைப் பார்க்க வந்தவர்கள் இளையவளைக் கேட்டார்கள்.

"போன தடவ சின்னவள விட்டுட்டுப் போட்டோ எடுத்தோம்," என்றார் நல்லசிவம். "'இன்னொரு பொண்ண ஏன் ஒளிச்சு வைக்கிறீக'ன்னு வரவழைச்சுப் பாத்துட்டு, அவளையே கேட்டாக. இந்த விருதுநகர் மாப்பிள்ள வீட்டுக்காரக வெவரமான ஆளுக. அக்கா தங்கச்சி ரெண்டு பேரும் சேந்து நிக்கிற போட்டோதான் வேணும்னுட்டாக. செல்லுல அனுப்புனா அந்த வீட்டுப் பெரியவருக்கு ஒப்பாதாம், காகிதத்துலதான் பாப்பாராம். இதுவும் தட்டிப்போச்சுன்னா எங்கிட்ட வேற எடம் இல்ல தாயி."

"அவ இஷ்டத்துக்கு விடும்மா," என்றாள் பாண்டிச்செல்வி, சுவரைப் பார்த்தபடி.

"நாளைக்கு எங்க கடையக் கொற சொல்லக்கூடாது, ஆமா," என்று சொல்லிவிட்டு நவநீதகிருஷ்ணன் நல்ல மிஷினைப் பெட்டியில் வைத்து மூடினார்.

அவர் போனதும் அக்காளும் தங்கையும் உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். மோட்டார் விட்டுவிட்டு இரைந்தது. நடுவில் ஒருதரம் பாண்டிச்செல்வியின் அழுகைக் குரல் கேட்டது.

"வேணாம்டி, சொன்னாக் கேளு."

"சும்மா இரு அக்கா. கை ஆடுதுல்ல."

அய்யம்மாள் கதவைத் தட்டப் போனாள். "ஸ்டுடியோக்காரன் எடுக்கட்டும், அப்பறம் பாப்போம். இப்பப் போயி கெடுக்காதீக," என்று நல்லசிவம் தடுத்தார். அக்காளும் தங்கையும் பின்வாசல் வழியாகக் கடைத்தெருவுக்குப் போன சத்தம் மட்டும் கேட்டது.

திரும்பும்போது பாண்டிச்செல்வி முன்னால் வந்தாள், கையில் கவர். பின்னால் அழகுமீனா, வெயிலுக்குத் துப்பட்டாவைத் தலையோடு முகமும் சேர்த்துச் சுற்றியிருந்தாள்.

அய்யம்மாள் மூத்தவளின் கன்னத்தைப் பார்த்தாள். தழும்பு அப்படியே இருந்தது. பவுடர்கூட இல்லை.

"தாயி, இப்பிடியேவா போட்டோ எடுத்தீக?" என்றார் நல்லசிவம்.

"இப்பிடியேதான் அண்ணாச்சி."

"வெளங்குன மாதிரிதான். கவரக் குடு. இத அனுப்ப வேணாம். நாளைக்கு வேற எடுப்போம்."

பாண்டிச்செல்வி கொடுக்கவில்லை. ஜாதகத்தை உள்ளே செருகி, கவரின் வாயில் பசையைத் தடவி, முழங்காலில் வைத்து அழுத்தி ஒட்டினாள்.

அய்யம்மாளின் கோபம் இளையவள் பக்கம் திரும்பியது. "துப்புற மிஷின வாங்காத வாங்காதன்னு அந்த மனுசன் தலபாடா அடிச்சுக்கிட்டாரே. அவ தழும்பு தெரிஞ்சாத்தான் ஒன்னையக் கேப்பாகன்னு கணக்குப் போட்டியாடி? கூடப்பொறந்தவளுக்கே குழி தோண்டுறியே."

அழகுமீனா துப்பட்டாவை முகத்தோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். தோள் குலுங்கியது.

எதிர்த்த நிறுத்தத்தில் விருதுநகர் பஸ் வந்து நின்றது. பாண்டிச்செல்வி ரோட்டைக் கடந்து ஓடி, "ஸ்டாண்டுல மாப்பிள்ள வீட்டுச் சித்தப்பா நிப்பாக, குடுத்துருங்கண்ணே," என்று கண்டக்டர் கையில் கவரைக் கொடுத்தாள். கண்டக்டர் அதைத் தோல்பையில் செருகிக்கொண்டு விசில் அடித்தார்.

பஸ் பாலத்தில் ஏறி மறையும்வரை அவள் அங்கேயே நின்றாள். பிறகு வீட்டுக்குள் வந்து, தாயை விலக்கிவிட்டு, தங்கையின் துப்பட்டாவை மெல்ல இழுத்தாள்.

"கவரு போயிருச்சு மீனா. ஒன் தழும்பக் களுவிக்கோ."