நீல ஒயரின் மறுமுனை

கான்ஃபரன்ஸ் அறை மேஜைக்கடியில் முழங்காலிட்டு, ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தாள் ஷெர்லின். காலையிலிருந்து அலுவலகத்தில் எந்தக் கம்ப்யூட்டருக்கும் நெட்வொர்க் இல்லை.

நீல ஒயரைப் பிடுங்கியதும் வெளியே கைதட்டல். எல்லாக் கம்ப்யூட்டருக்கும் நெட்வொர்க் வந்துவிட்டது.

ஒயரின் மறுமுனையும், கம்ப்யூட்டர்களை இணைக்கும் அதே நெட்வொர்க் சுவிட்ச் பெட்டியில்தான் செருகியிருந்தது. "அனுப்பின தகவலே திரும்பத் திரும்பச் சுத்தி, மொத்தத்தையும் அடைச்சிருச்சு சார்" என்றாள் ஷெர்லின்.

மேனேஜர் வைத்தியநாதன் வாசலைப் பார்த்துத் திரும்பினார். "சற்குணம்! நேத்து இங்க உட்கார்ந்து சாப்பிட்டது நீங்கதானே? உங்க கை சும்மா இருக்காதே! இன்னியோட வேலை இல்ல, கிளம்புங்க."

"ஐயோ சார், தயிர்சாத டப்பாவைத் தவிர எதையும் நான் தொடலை!" கணக்குப் பிரிவு சற்குணம் ஓய்வு பெற இன்னும் ஒரு வருடம்தான் இருந்தது.

மேனேஜர் அவள் பக்கம் திரும்பினார். "ஷெர்லின், நெட்வொர்க் சர்டிஃபிகேட் வாங்கினவ நீ, நீயே சொல்லும்மா. ஒண்ணும் தெரியாதவங்க பண்ற தப்புதானே இது?"

சற்குணம் அவளையே பார்த்தார். ஷெர்லின் நீல ஒயரைக் கையில் சுருட்டினாள், பிரித்தாள், மறுபடி சுருட்டினாள். நேற்று மாலை எல்லோரும் கிளம்பிய பிறகு, அடுத்த சர்டிஃபிகேட் பரீட்சைக்காக இதே அடைப்பை உண்டாக்கிப் பார்த்துவிட்டு, ஒயரைக் கழற்ற மறந்து பஸ்ஸுக்கு ஓடியவள் அவள்தான்.