நாலு விரல் கை

ஒரகடம் கம்பெனியில் மூன்றாவது கார் டேஷ்போர்டும் ரிஜெக்ட் ஆனது. பசை தடவித் தூவிய வெல்வெட் தூள், ஒரு கை அளவு இடத்தில் மட்டும் ஒட்டவில்லை. அந்தக் கைக்கு விரல்கள் நாலுதான்.

“க்ளவுஸ் போடாம எவன் தொட்டது?” என்றார் சூப்பர்வைசர் லோகேஷ்.

“நாலு விரல் சுடலைக்கண்ணுக்குத்தான், சார்,” என்றார் ராஜாமணி. “அவன் பஸ் ஆக்சிடென்ட்ல செத்து ஒரு மாசம் ஆவுது.”

லோகேஷ் டேஷ்போர்டின் அடியில் ஒட்டியிருந்த தேதிச் சீட்டைப் பார்த்தார்.

“பழைய ஸ்டாக்குப்பா. உயிரோட இருக்கசொல்ல தொட்டுருக்கான். எண்ணெய்க் கை பட்டா ஒட்டாது. தின்னர் போட்டுத் தொடைம்மா.”

நேற்று வேலைக்குச் சேர்ந்த பேச்சி, க்ளவுஸைக் கழற்றி, அந்தத் தடத்தின்மேல் தன் கையை வைத்தாள்.

“ஊருக்குப் பெட்டியில கொண்டாந்தப்ப, அவுக கையத் தொடக்கூட விடல, சார்.”