புளி உருண்டைக்குள்

புளித் தண்ணீரில் ஊறிய தோட்டாக் கோதுகளை சிவகுருநாதன் ஒவ்வொன்றாக எடுத்துத் தேய்த்தார்.

அரபு முதலாளி அர்பாபின் துப்பாக்கி அறையில், சுட்ட கோதுகளை மறுபடி மருந்து நிரப்புவதற்காகக் கழுவும் மெஷின் கெட்டுப்போன மாதம் தொடங்கிய வழக்கம். குத்துவிளக்கும் பித்தளைதான், கோதும் பித்தளைதான்.

"க்யா குரு பாய், ஆஜ் பி சாம்பார்?"

டிரைவர் கான், இன்றைக்கும் சாம்பாரா என்ற கேலியோடு மூக்கைப் பொத்திக்கொண்டு அறை வாசலைக் கடந்து போனான். அல் ஐன் நகரம் முழுக்க இந்தப் புளிக் கதையைச் சொல்லிவிட்டிருந்தான் அவன்.

சிவகுருநாதன் நிமிரவில்லை. கரைத்த புளி தீர்ந்துவிட்டது. மேசையில் இருந்தது, யாழ்ப்பாணத்திலிருந்து நேற்று வந்த புளி உருண்டை.

ஊருக்கு லீவில் போய்த் திரும்பிய கனகரத்தினம் அதைக் கையில் கொடுத்தபோது குரலைத் தாழ்த்தினான்.

"அண்ணை, உங்கட சின்னவன் தந்தவன். வீட்டில அக்காவுக்குத் தெரியாது. நீங்கள்தான் உடைக்க வேணுமாம். பெரியவனைச் சுட்டது ஆரெண்டு எழுதினாப் போதுமாம், அவைக்கு எதிர்ப்பக்கம் அடுத்த நாளே போய்ச் சேருவனாம்."

பெரியவன் பத்மநாபன் தை மாதம் வீட்டுப் படலையடியில் விழுந்தான். ஆமி நாங்கள் இல்லை என்றது. இயக்கங்களும் ஒன்றன்பின் ஒன்றாக அதையே சொல்லின.

சின்னவன் மகேசனுக்குப் பதினாறு வயது.

சிவகுருநாதன் உருண்டையைப் பிளந்தார். நடுவில் ஏதோ விரலில் தட்டுப்பட்டது.

ஒரு கோது, பெரியவன் விழுந்த படலையடியில் சின்னவன் பொறுக்கியது. அத்தனை சோதனைச் சாவடிகளையும் புளிக்குள் ஒளிந்தே தாண்டி வந்திருக்கிறது. கழுவ வேண்டிய தேவையே இல்லை. புளி அதை மினுக்கி வைத்திருந்தது.

அடியில் பொறித்த எழுத்து, எந்த நாட்டுச் சரக்கு என்று சொல்லும். சுட்ட துப்பாக்கிக்குள் தோட்டா அமரும் குழிக்கேற்ப உடல் வீங்கியிருக்கும், அது எந்தத் துப்பாக்கி என்று சொல்லும். போன வருடம் அவரே பெருமையாகச் சின்னவனுக்கு எழுதிய விஷயம் அது.

கோதைத் திருப்பி அடியைப் பார்த்தார். வெளிச்சத்துக்குப் பிடித்து உடலைப் பார்த்தார்.

ஏசி இரைந்தது. வெளியே கான் காரைக் கழுவும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது.



பிறகு எழுந்து கிரீஸ் டப்பாவைத் திறந்தார். அர்பாபிடம் ஐந்து துப்பாக்கிகள், வீங்கிய கோதைப் பழைய அளவுக்கு நெரிக்க ஐந்து அச்சுகள். அவற்றில் இதற்குப் பொருந்துவதை எடுத்துப் பிரஸ்ஸில் முறுக்கினார்.

கிரீஸ் குறைந்தால் கோது அச்சில் இறுகிவிடும். கூடினால் கோதின் தோளில் பள்ளம் விழும். விரல் நுனியால் தொட்டு, குழந்தையின் கன்னத்தில் பவுடர் போடுவதைப் போல மெல்லப் பூசினார்.



பிடியை இறக்கினார். சுட்ட துப்பாக்கி கொடுத்த வீக்கம் அடங்கி, கோது தொழிற்சாலையிலிருந்து வந்த நாளின் அளவுக்குத் திரும்பியது. துணியால் கிரீஸைத் துடைத்தார். அரத்தை எடுத்து அடியிலிருந்த எழுத்தை ராவினார், வெறும் பித்தளை தெரியும் வரைக்கும்.

வாய் வெடித்த கோதுகளை உருக்க அனுப்பும் சாக்கு மூலையில் இருந்தது. அதற்குள் போட்டார். மற்றவற்றோடு உரசி அடியில் போய் நின்ற சத்தத்தையும் கேட்டுக்கொண்டார்.

மிச்சப் புளியைக் கரைத்து, அர்பாபின் கோதுகளைத் தேய்த்து முடித்தார். சாயந்தரம் அறைக்குப் போனதும், கை கழுவாமலே ஏரோகிராம் ஒன்றைப் பிரித்தார்.

"அன்பு மகன் மகேசனுக்கு, புளி வந்து சேர்ந்தது. உள்ளே கொட்டையைத் தவிர வேறொன்றும் இல்லை. மார்கழியில் சோதனை. இருந்து படி."