குருராஜ் கழுத்துக்கு ஒரு மாலை

கணவரின் அறுபதாம் கல்யாணத்தில் மாலை மாற்ற வேண்டுமே என்று, இறுகிப்போன தோள்மூட்டைச் சரிசெய்ய அவருக்குத் தெரியாமல் மைசூரில் யோகா வகுப்புக்குப் போய்வந்தாள் சுகந்தா.

"நம்ம கல்யாணத்துல உங்க மாமா உன்னைத் தூக்கிப் பிடிச்சாரு. இப்ப யாரு தூக்குவா?" என்று சிரித்தார் ஆறடிக் கணவர் குருராஜ்.

"நீங்க கொஞ்சம் குனிஞ்சா குறைஞ்சா போயிடுவீங்க?"

"அன்னைக்கே குனியலை. இப்ப இடுப்பும் விடாது," என்றபடி காலை நடைக்குக் கிளம்பினார்.

மணமேடையில் சுகந்தா குதிகாலை உயர்த்தி, கைகளை முழுதாகத் தூக்கி மாலையைப் போட்டாள். அது கணவருக்குப் பின்னால் நின்ற புரோகிதர் கழுத்தில் விழுந்தது.

குருராஜ் அவள் முன் இடுப்பை வளைத்துக் குனிந்து நின்றிருந்தார்.

"அப்ப, தினமும் நடக்கப் போனது?"

"யோகாவுக்குத்தான் போனேன். ஒரு தடவையாவது உனக்குக் குனியணும்னு ஆசை. நீ எதுக்கும்மா இவ்வளவு ஒசரம் தூக்கினே?"