கேமராவைப் பார்க்கலாம்

ஒத்திகையில் மூன்றாவது முறையும் அவள் ஓரடி பின்வாங்கினாள்.

கதாநாயகர் நிற்கவேண்டிய இடத்தில் உதவி இயக்குநர் நின்றிருந்தான். பொன்னாடைக்குப் பதிலாக அவன் கையில் ஒரு துண்டு.

"ஏங்க்கா ஒதுங்குறீங்க? ஜூனியர் ஆர்ட்டிஸ்டுங்களுக்காகத்தான் இந்த விழாவே. கேமராவ நல்லாப் பாருங்க, இன்னைக்கு யாரும் திட்டமாட்டாங்க. கீழ அந்த டிவில தெரியுறதுதான் வீட்லயும் தெரியும்."

அவள் சிரித்தாள்.

சந்தையில், சாவு வீட்டில், நீதிமன்றத்தில், கல்யாணப் பந்தியில் என்று சினிமாக் கூட்டத்தில் ஒருத்தியாக அவள் முப்பத்தொரு ஆண்டுகள் இருந்திருக்கிறாள். நாயகர் வந்தால் விலகவேண்டும். அவர் முகத்தின்மேல் நிழல் விழக்கூடாது. யாரும் சொல்லாமலே கால்கள் அதைச் செய்தன.

எந்தப் படத்திலும் அவள் முகம் தெரிந்ததில்லை.

கணவர் ஏகாம்பரத்துக்காக ஓர் ஏற்பாடு வைத்திருந்தாள். கேமரா ஓடும்போது கொண்டைப் பூவை ஒருமுறை தொடுவாள். பிறகு திரையரங்கின் இருட்டில், திரையில் தெரியும் கூட்டத்துக்குள் அந்தக் கையைத் தேடி, அவர் அவளை முழங்கையால் இடிப்பார்.

கண்டுபிடித்துவிட்டார் என்று பொருள்.

இப்போது அவர் கட்டிலைவிட்டு எழுவதில்லை. காலையில் அவள் புறப்படும்போதே தொலைக்காட்சியைத் தன் பக்கம் திருப்பிப் போட்டுவைக்கச் சொல்லிவிட்டார்.

"இன்னைக்காச்சும் மூஞ்சியக் காட்டு. முதுகப் பாத்தே முப்பது வருசம் ஓடிப்போச்சு."

மாலை.

நேரலை தொடங்கி ஒரு மணி நேரம் கழித்து அவள் பெயர் அழைக்கப்பட்டது. காட்டிய இடத்தில் போய் நின்றாள்.

நாயகர் நெருங்கினார். கால்கள் கூசின.

அவள் விலகவில்லை.

பொன்னாடை தோளில் விழுந்தது. அவள் நிமிர்ந்து எதிரிலிருந்த கேமராவை நேராகப் பார்த்தாள். நேற்றுக் கண்ணாடிமுன் பழகிய அதே புன்னகை, பிசகாமல் வந்தது.

நாயகரின் கண்கள் கலங்கின.

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது.

மேடைக்குக் கீழே இருந்த திரையைப் பார்த்தாள். அவளுக்குப் பின்னாலிருந்த இன்னொரு கேமராவின் படம்தான் ஓடிக்கொண்டிருந்தது. திரை முழுக்க நாயகரின் முகம். கன்னத்தில் இறங்கும் கண்ணீர்.

ஓரத்தில் ஒரு கொண்டை. கனகாம்பரம்.

அவள் புன்னகையை மாற்றாமல் சற்று நேரம் காத்திருந்தாள். படம் மாறவில்லை.

பிறகு, பொன்னாடை நழுவாதபடி, வலக்கையை மெல்ல உயர்த்தினாள்.

பூவை ஒருமுறை தொட்டாள்.