பாதியில் போனவன்

நான்காவது மாடிக்குக் கேபிள் சுருளைச் சுமந்து ஏறியதில் லைன்மேனுக்குத் தோள்பட்டை விண்விண்ணென்று தெறித்தது.

"மொத்தக் குடியிருப்பும் தனியார் ஃபைபருக்கு மாறியாச்சுப்பா," என்றார் சங்கச் செயலாளர். "அரசாங்கத்துது கட்டணம் கம்மிதான். ஆனா லைன் போச்சுன்னா கேக்க நாதி கிடையாது. கடைசியா வந்தவன், மெயின் ரோட்டுக் கம்பத்துல பார்த்துட்டு வரேன்னு பாதியில போனான். ஆளையே காணோம். சோம்பேறிப் பய!"

"அந்தக் கம்பத்துல இருந்து விழுந்து செத்துட்டான் சார்."

செயலாளர் அவர் பக்கம் திரும்பினார். "உனக்கெப்படித் தெரியும்?"

"என் தம்பி சார். அப்ப நானும் அந்த அரசாங்கக் கம்பெனியிலதான் வேலை. அன்னைக்கு என் டூட்டி. பொண்ணுக்குக் காய்ச்சல்னு அவனை மாத்திவிட்டேன். 'ஞாயித்துக்கெழமை என் டூட்டியை நீ பாருண்ணே'ன்னான்."

லைன்மேன் சுருளைப் பிரிக்கத் தொடங்கினார்.

"அந்த ஒருநாள் டூட்டி அவனுக்கு நான் இன்னும் பாக்கி சார்."