கலசத்துக்கு மண்

அம்மா கையை நீட்டிய திசையில் அப்பா இல்லை.

சோளக்காட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த மயானத்தைக் காட்டிவிட்டு, அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள்.

துடியலூரிலிருந்து எங்கள் ஊருக்கு அத்தனை கார்கள் வந்தது அந்தத் தொண்ணூற்றேழு தை மாதத்தில்தான். புதிதாகக் கட்சி தொடங்கியவர்கள். அரசியலைச் சுத்தப்படுத்தப் போகிறார்களாம். அதற்கு, ஒரு காலத்தில் எம்.எல்.ஏ.வாக இருந்த என் அப்பா ஐயாசாமியின் சமாதி மண் ஒரு பிடி வேண்டுமாம். பித்தளைக் கலசத்தில் போட்டு, ஊர்வலமாகக் கொண்டுபோய் மாநாட்டு மேடையில் வைப்பார்களாம்.

ஐயாசாமி ஐயாவின் உண்மையான வாரிசுகள் தாங்கள்தான் என்று மெட்ராஸ் தலைவர் மைக்கில் முழங்கினார். போன மாதம் வேறொரு கட்சி வந்து இதையேதான் சொன்னது. அப்பா உயிரோடு இருந்தபோது ஒரு டீ வாங்கிக் கொடுக்க நாதியில்லை. செத்த பிறகு ஊர்ப்பட்ட வாரிசு!

அப்பா கேட்டதெல்லாம் ஒன்றுதான். எங்கள் வீதிப் பிணங்கள் மயானத்துக்குப் போக, அந்தச் சோளக்காட்டின் நடுவே ஒரு தடம். பதவியில் இருந்தபோதும் கேட்டார், படுக்கையில் கிடந்தபோதும் கேட்டார். எப்படியாவது வாங்கிவிடு என்று அம்மாவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் கண்ணை மூடினார். இன்றைக்கும் நாங்கள் பள்ளத்தில் இறங்கி, முள்ளிலும் சேற்றிலும்தான் சுமந்து போகிறோம்.

காட்டுக்காரர் பாலுசாமி. இப்போது புதுக் கட்சியின் மாவட்டச் செயலாளர். தலைவருக்குப் பக்கத்தில் கலசத்தை ஏந்திக்கொண்டு நின்றவர் அவர்தான்.

நான் அம்மாவின் காதருகே குனிந்து, அப்பா அங்கே இல்லையே என்றேன். நறுக்கென்று கிள்ளினாள்.

வயசாகிவிட்டது, குழம்பிவிட்டாளோ? வீதிக்காரர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

பாலுசாமி வாயைத் திறந்தார். அம்மா அவரையே பார்த்தாள். வீடியோக்காரர் விளக்கை அவர் பக்கம் திருப்பினார். திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டார்.

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அப்பா அங்கே இல்லை என்று அவருக்கும் தெரியும். சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?

எப்படிப் போவது என்று தலைவர் கேட்டார்.

“நேரா காட்டுக்குள்ளயே போயிருங்க சாமி. அவரு கடைசி வரைக்கும் கேட்ட தடம் அதானுங்க. மாவட்டமே கூட இருக்காருங்களே!” என்றாள் அம்மா.

தலைவர் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினார். பின்னாலேயே மொத்தக் கூட்டமும். கதிர் முற்றிய சோளம் சடசடவென்று சாய்ந்தது. பாலுசாமி தன் வெள்ளாமையைத் தானே மிதித்துக்கொண்டு போனார்.

அங்கே யாருடைய மேட்டிலோ தலைவர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். மண்ணை அள்ளிக் கலசத்தில் போட்டார். திரும்பி வந்து, நடந்த வழியைக் காட்டி, இனி இது ஐயாசாமி தடம், மாவட்டச் செயலாளர் ஊருக்கே விட்டுக்கொடுத்துவிட்டார் என்று மைக்கில் அறிவித்தார். கைதட்டல் காதைப் பிளந்தது. பாலுசாமி தலையாட்டினார். வேறென்ன செய்வார்?

அந்தத் தலையாட்டலைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

அப்பா செத்த அன்று பள்ளத்தில் வெள்ளம். காட்டு வழியே விடச் சொல்லிக் கெஞ்சினோம். பாடையை வரப்பில் மறித்து நின்றவர் இதே பாலுசாமி. பாடையைத் திருப்பிக்கொண்டு ரோட்டோரத்துக்கே வந்தோம். ஐயாசாமி இந்தக் காட்டைத் தாண்டவே இல்லை என்று இப்போது சொன்னால், தாண்ட விடாதது யார் என்றும் சொல்ல வேண்டுமே!

கார்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. தலைவரின் அம்பாசிடர் ரோட்டோரப் பூவரச மரத்தடியில், நல்ல நிழலில் நின்றிருந்தது. அது நகர்ந்ததும் அம்மா அங்கே போய் உட்கார்ந்தாள். டயர் அழுத்திய மண்ணைக் கையால் தடவித் தடவிச் சமப்படுத்தினாள்.

“ஏனுங்க, தடம் வாங்கிப்போட்டேனுங்க” என்றாள், அப்பாவிடம்.